சேறு கழுவிய கன்று

காட்டோரக் குட்டை ஒன்றில் காரி என்ற எருமை தன் கன்று சின்னியோடு இருந்து வந்தது. காலையில் மேய்ச்சல், வெயில் ஏறினால் சேற்றில் புரளல். கரையேறும்போது தாயும் பிள்ளையும் மண் பொம்மை மாதிரி இருப்பார்கள். அந்தச் சேறு உடம்பில் இருந்தவரை ஈயும் அண்டவில்லை, வெயிலும் சுடவில்லை.

கொழுகொழுவென்று ஓடித் திரிந்த சின்னியைப் பார்த்து ஒரு நரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. துரத்திப் பார்த்தது, பிடிக்க முடியவில்லை. அதனால் தாயிடம் நைச்சியமாகப் பேச்சுக் கொடுத்தது.

"அக்கா, தப்பா நினைக்காதே. உன் பிள்ளையைப் பார்த்து மான் கூட்டமே மூக்கைப் பொத்துது. நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டினா ராசாத்தி மாதிரி இருப்பா!"

காரிக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்? அன்றிலிருந்து சின்னியைச் சேற்றில் இறங்கவே விடவில்லை. பாறைக் குழியில் வெயிலில் கொதித்துக் கிடந்த தண்ணீரில் முக்கி எடுத்து, மணலில் புரட்டிப் புரட்டித் தேய்த்தது. கன்று பளபளத்தது. காரிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பளபளப்பு நாலு நாள்கூட நிற்கவில்லை. தோல் வெளுத்துச் செதில் செதிலாக உரிந்தது. அரிப்புத் தாங்காமல் சின்னி மரத்தில் போய் உரசியது. உரச உரசத் தோல் வெடித்தது, வெடிப்பில் ஈ மொய்த்தது. முதுகில் உண்ணி பொறுக்கும் கொக்கு, தேய்ப்பதை விட்டுவிட்டுப் பிள்ளையைச் சேற்றில் படுக்க வை என்று தலைதலையாய் அடித்துக்கொண்டது. நரியோ, அழுக்குப் போகாததால்தான் அரிக்கிறது, இன்னும் அழுத்தித் தேய் என்றது. பாழாய்ப்போன காரி, நரி பேச்சைத்தான் கேட்டது.

ஒருநாள் சின்னியால் எழுந்திருக்கவே முடியவில்லை. அப்போதுதான் காரிக்குப் புத்தி வந்தது. குட்டைக்கு ஓடியது. அதற்குள் கோடையில் குட்டையும் பாறைக் குழியும் வற்றிப் போயிருந்தன. குட்டையின் தரை, சின்னியின் முதுகைப் போலவே வெடித்துக் கிடந்தது.

ஈரச் சேறு இனி மலைக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில்தான். கன்றால் நடக்க முடியாது. தான் மட்டும் போய்ச் சேற்றை உடம்பில் அப்பிக்கொண்டு வரலாம் என்று காரி திரும்பினால், புதருக்குப் பக்கத்தில் நரி உட்கார்ந்திருக்கிறது.

"போய்ட்டு வா அக்கா, பிள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்றது.

காரி நகரவில்லை. கொக்குதான் ஆற்றுக்குப் பறந்து அலகு நிறையச் சேறு கொண்டு வந்தது. பாவம், வருவதற்குள் அது அலகிலேயே காய்ந்துவிட்டது. மறுபடியும் பறந்தது.

"அம்மா, எரியுதும்மா. குட்டைக்குப் போகலாமா?" என்று முனகியது சின்னி.

காரி தன் நிழல் கன்றின்மேல் விழும்படி வெயிலில் நின்றது. வெயில் நகர நகரத் தானும் நகர்ந்தது. தாகத்தில் அதன் கால்கள் நடுங்கத் தொடங்கின. நரி அதைப் பார்த்தபடி நிதானமாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

உடம்பைக் காத்து நிற்பதை அழுக்கென்று கழுவி விடுகிறவர்கள், அதைத் தேடி அழும் நாளில் அது கிடைக்காமலே போகலாம்.