நாமக்கோழிக் குஞ்சுகள்

"நேத்து வந்தவனுக்கெல்லாம் உட்கார வச்சுப் பதில் சொல்றீங்க. எனக்கு மட்டும் குட்டா?" என்று கேட்டார் சடையாண்டி.

ஏரிக்கரை மடத்தில் அவர்தான் மூத்த சீடர். குரு செங்கமலத்தம்மாளைவிட வயதிலும் மூத்தவர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. நான் தேறுவேனா, மாட்டேனா?

கேட்கும்போதெல்லாம் அம்மாள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

"இன்னைக்கும் சொல்லலைன்னா ஊருக்குக் கிளம்பிடுவேம்மா."

"ஏரியில நாமக்கோழி குஞ்சு பொரிச்சிருக்கு. போய்ப் பாருப்பா."

போய்ப் பார்த்தார்.

தாயும் தந்தையும் கரி நிறம், நெற்றியில் வெள்ளை நாமம். சின்னக் குஞ்சுகளுக்குத் தலை செக்கச்செவேல் என்றிருந்தது. பெரிய குஞ்சுகள் அந்தச் சிவப்பெல்லாம் போய்ச் சாம்பலாகிக்கொண்டிருந்தன.

தாய் முங்கி எழுந்து, பாசியைச் சிவப்புத் தலைக்கு ஊட்டியது. சாம்பல் குஞ்சும் ஆவலாக வாயைப் பிளந்துகொண்டு வந்தது. அதன் மண்டையில் நறுக்கென்று ஒரு கொத்து. அது விலகிப் போய்த் தானே முங்கியது.

சடையாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற தாயே இப்படியா?

கண்ணைத் துடைக்க வேட்டி நுனியை எடுத்தவர் அப்படியே நின்றார். துவைத்துத் துவைத்து அந்தக் காவி என்ன நிறமென்றே சொல்ல முடியாமல் இருந்தது. புதிதாக வந்தவர்களின் வேட்டியோ கண்ணைப் பறிக்கும்.

"அட, இவ்வளவுதானா!"

இத்தனை வருடம் மடத்தில் இருந்தும் மனுஷருக்கு நிறம்தான் கோளாறு என்று தோன்றியது.

மறுநாள் காவிக்கல்லை இழைத்து, வேட்டியை நன்றாக முக்கி, ஈரம் சொட்டச் சொட்டக் கட்டிக்கொண்டு புதியவர்களின் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அந்த மடத்தில் புதிதாக வருகிறவருக்கு முதல் வேளைச் சோற்றை அம்மாளே ஊட்டிவிடுவது வழக்கம். சட்டியோடு வந்தவள் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"எந்த ஊருப்பா?"

"அம்மா, நான்தான்..."

"பசியோட வந்திருப்பே. ஆ காட்டு."

வாய்க்குள் ஒரு உருண்டை விழுந்தது. அவசரமாக விழுங்கினார்.

"அம்மா, நான் தேறுவே..."

இன்னொரு உருண்டை.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சடையாண்டிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மாளின் முகத்தில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. முன்பின் தெரியாதவரிடம் காட்டும் இதமான சிரிப்புதான் இருந்தது. கேட்ட உபசாரம் கிடைத்துவிட்டது. ஆனால் இத்தனை வருடத்து உறவு போய்விட்டதோ என்று பயம் வந்தது.

சோற்றை மென்றபடியே தலையைக் குனிந்து அவள் முன்னால் நீட்டினார்.

"ஒரே ஒரு குட்டு வைங்கம்மா."

அம்மாள் அவர் உதட்டோரத்துப் பருக்கையைத் துடைத்துவிட்டாள்.

"குட்டா? இன்னைக்கு வந்த பிள்ளையை யாராவது குட்டுவாங்களாப்பா?"