தளபதியின் பூட்ஸ்

"அந்தச் சனியன் பிடிச்ச பூட்ஸை எரிச்சுடலாம் அம்மா," என்றார் அரசப்பன்.

நினைவு அருங்காட்சியகத்தின் தலைவி தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். அரசப்பனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அருங்காட்சியக வேலையில் அவருக்குக் குரு அவள்தான்.

"ஏன்?"

"நேத்து ரெண்டு பயலுக அதுகூட நின்னு போட்டோ எடுக்கணும்னு கேக்குறானுக. ஊரையே கொன்னவன் பூட்ஸுக்கு ரசிகனுக! வயிறு எரியுது."

"அப்போ எரிச்சுடு."

"எரிச்சா, அப்படி ஒண்ணும் நடக்கவே இல்லைன்னு சொல்வானுக."

"அப்போ வை."

"அம்மா, விளையாடாதீங்க!"

அரசப்பனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார்.

"வெளியே சீரங்காயி அக்கா வந்து உட்கார்ந்திருக்கு. அது தம்பியை லாரியில ஏத்திக்கிட்டுப் போனவன் அந்தத் தளபதிதான். எங்கே புதைச்சான்னு சாகிறவரைக்கும் வாயைத் திறக்கலை. அது வருஷா வருஷம் காட்டைத் தோண்டிக்கிட்டு அலையுது. அது கண்ணுல அந்தப் பூட்ஸை எப்படிக் காட்டுவேன்?"

"எடுத்துட்டு வா, பார்ப்போம்."

கொண்டுவந்து வைத்தார். பூட்ஸ் பளபளவென்று மின்னியது.

தமயந்தி தொடவில்லை.

"தளபதியோட மகன் கொடுத்தப்போ இப்படியா இருந்தது?"

"அய்யோ, இல்லை. லாரியில ஆளுகளை ஏத்திக்கிட்டுப் போன அந்த நாளுக்கு அப்புறம் அவன் இதைப் போடவே இல்லையாம். அப்படியே பெட்டியில கிடந்திருக்கு. அடியெல்லாம் ஒரே மண்ணு. நான்தான் சுத்தம் பண்ணினேன்."

"ஏன் பண்ணின?"

"வர்ற பொருளை முதல்ல சுத்தம் பண்ணணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

தமயந்தியின் முகம் சுருங்கியது. ஆமாம், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

"துடைச்ச துணி எங்கே?"

"குப்பையில..."

சொல்லி முடிக்கவில்லை. அந்த மண் எங்கேயிருந்து வந்திருக்கும் என்று அரசப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பின்பக்கம் ஓடினார். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, மண்டியிட்டுத் துழாவினார். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நல்லவேளை, துணி கிடைத்தது. மேசைமேல் விரித்தார்.

வெளுத்த மண். அதில் பொடிப்பொடியாகச் சிப்பி.

"இது ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னு அடம் பிடிச்சுது அம்மா. கத்தியால சுரண்டினேன்," என்றார்.

வாசலில் சீரங்காயி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. பூட்ஸை அவள் பார்க்கவே இல்லை. நேராகத் துணியிடம் வந்தாள். ஒரு சிப்பித் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம காட்டுல ஏது சிப்பி?" என்றாள்.

சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த பழைய காளவாய். உப்பங்கழி ஓரம். அங்கே மட்டும்தான் இப்படிக் கொட்டிக் கிடக்கும்." அவள் சிப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "அய்யோ, இத்தனை வருஷமா நான் தப்பான இடத்தைத் தோண்டிக்கிட்டு இருந்தேனே சாமி!"

அரசப்பன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு தவித்தார்.

"அம்மா, இப்போ இதை நான் என்ன பண்ணட்டும்? எரிக்கட்டுமா, வைக்கட்டுமா?"

தமயந்தி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அதைக் கீழே போட்டுட்டு மண்வெட்டியை எடு."