மைனா உதைக்க வைத்த பக்கெட்

காட்டு பங்களா ஜன்னலில் ஒண்டிக்கொண்டு நாலு இங்கிலீஷ் வார்த்தை பொறுக்கி வைத்திருந்தது பேச்சி என்ற மைனா. அதற்கே அந்த அலட்டல்! காலையில் யார் எதிர்ப்பட்டாலும் 'குட் மார்னிங்'தான். மற்ற மிருகங்களுக்கும் அதில் பெருமைதான்.

குளக்கரையில் கிழட்டு யானை கருமலையான் நோயில் படுத்திருந்தார். பேச்சி பறக்கப் பழகியதே அவர் முதுகிலிருந்துதான்.

"என் காலம் முடியுதுன்னு தெரிஞ்சா எல்லாரும் பக்கத்துல வந்து நில்லுங்க. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு" என்று அவர் கேட்டிருந்தார். எல்லோரும் சரியென்று தலையாட்டியிருந்தார்கள்.

ஒருநாள் மிருக டாக்டர் வந்து பார்த்தார். ஜீப்பில் ஏறும்போது டிரைவரிடம், "ஹி இஸ் கோயிங் டு கிக் தி பக்கெட்" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று மான் ஓடி வந்து கேட்டது. காட்டுப்பன்றியும் முயலும் பின்னாலேயே வந்து நின்றன.

'பக்கெட்' பேச்சிக்குத் தெரியும். பங்களாக் குளியலறையில் இருப்பது. 'கிக்' என்றால் உதை. பிள்ளைகள் பந்து விளையாடும்போது கேட்டது. ஆனால் இரண்டையும் சேர்த்தால் ஏதோ இடித்தது. டாக்டர் முகம் வேறு வாடிக் கிடந்தது. இத்தனை பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, தெரியாது என்று சொல்ல மனசு வருமா?

"பக்கெட்டை உதைக்கப் போறாராம்" என்றது.

"அப்ப எழுந்து நின்னுடுவார்னு சொல்லு!" மான் துள்ளியது.

"பின்னே? படுத்துக்கிட்டா உதைப்பாங்க?"

எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் நாவல் பழுத்துக் கொட்டுகிறது என்று முயல் சொல்ல, மொத்தக் கூட்டமும் கிளம்பியது. கருமலையான் தலையைத் தூக்கிப் பார்த்ததைப் பேச்சி கண்டது. வழியனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் அவர்கள் திரும்பி வந்தபோது, துதிக்கை அவர்கள் போன பக்கமாக நீண்டு கிடந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

"கிழவர் மண்டையைப் போட்டுட்டாரே!" என்று கதறியது காட்டுப்பன்றி. அதற்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.

பேச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. மண்டையை யார் கழற்றிக் கீழே போடுகிறார்கள்? செத்துப்போனார் என்பதைத்தானே நாம் அப்படிச் சொல்கிறோம்? நமக்கு மண்டை, அவர்களுக்குப் பக்கெட்.

"உனக்கு அர்த்தம் தெரியாதா, பேச்சி?" என்றது மான். அதன் குரலில் கோபம்கூட இல்லை.

"தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

சொல்லும்போதே நாக்குக் கூசியது. யாரும் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தத் துதிக்கையைப் பார்க்க முடியாமல் பேச்சி இறகுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டால், அதைவிடப் பெரிய வெட்கத்தைச் சுமக்க வேண்டிவரும்.