கறுப்பு வாளி

குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. மலையடிவாரத்து மடத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நாற்பது நாளாக வாயே திறக்காத சீடர் கோமதிநாயகம், அன்று காலை குரு உலகம்மையிடம் வந்து கேட்டார்.

"தாயே, தலைப்பிரட்டைய நிறம் மாறாம வளக்க வழி இருக்கா?"

பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அம்மை சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கோமதிநாயகத்தின் வீட்டுக்கு நடந்தார்.

கொல்லையில் ஒரு கறுப்பு வாளி இருந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது சுவரில் ஒட்டியிருந்த மரத்தவளை முட்டையிட்ட நுரையைக் கொட்டவிடாமல், அழுது அடம்பிடித்து வாங்கி அதில் போட்டவள் அவருடைய ஒரே மகள். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்துப் பிறந்தவள். நாற்பது நாளைக்கு முன், ஒன்பது வயதில், காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பாழாய்ப்போன காய்ச்சலுக்கு வேறு வீடு கிடைக்கவில்லை.

வாளியில் பன்னிரண்டு தலைப்பிரட்டைகள் இருந்தன. எல்லாம் கரிக்கட்டை நிறம். கால்கள் முளைத்துவிட்டன. ஒன்று மட்டும் செத்து வயிறு மேலாக மிதந்தது.

"விடிஞ்சு பாத்தேன், இப்படிக் கிடக்கு," என்றார் கோமதிநாயகம்.

"முன்னங்கால் வந்துட்டா மேல ஏறித்தான் மூச்சு விடணும். ஏறதுக்கு ஒண்ணும் போடலையா?"

"மட்டை ஒண்ணு கிடந்துது. எடுத்துட்டேன்."

"போட்டது யாரு?"

"அவதான்."

"ஏன் எடுத்தீங்க?"

"ஏறுனா வெளுத்துரும் தாயே. அவ பாத்த நிறம் போயிரும்."

அது முழு உண்மையில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"காய்ச்சல்ல கிடக்கும்போது சொன்னா. 'ஏறி வெள்ளைச் சுவத்துல உக்காந்தா வெளுத்துரும்ப்பா, அப்போ என்னைய எழுப்புங்க'ன்னா. சரின்னுட்டேன். இப்ப இதுக ஏறுனா நான் யாரை எழுப்புவேன்?"

அம்மை மூலையில் கிடந்த தென்னை மட்டையை எடுத்து வாளிக்குள் சாய்த்து வைத்தார். பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்தார்கள்.

உச்சிப்பொழுது தாண்டி, கொல்லையில் நிழல் விழுந்த பிறகு ஒன்று ஏறியது. குட்டை வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மட்டையில் நின்று, வாளி விளிம்பில் நின்று, கடைசியில் சுண்ணாம்புச் சுவரில் போய் உட்கார்ந்தது. கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து சந்தன நிறமானது.

கோமதிநாயகம் அம்மையைப் பார்த்தார்.

"கூப்பிடுங்க," என்றார் அம்மை.

நாற்பது நாளாக அந்தப் பெயரை அவர் சொன்னதில்லை. முதல் தடவை உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் தடவை வந்தது.

"வடிவு... ஏ வடிவு! எந்திரிம்மா. வெளுத்துட்டு பாரு."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி அழும் சத்தம் கேட்டது. வேறு யாரும் வரவில்லை.

"வரலையே தாயே."

"வரமாட்டா, ஐயா. மட்டைய எடுத்துராதீங்க. இன்னும் பத்து ஏறணும்."