போகிறவருக்கான துணி

"சாமி, என் துணியைத் திருப்பிக் கொடுத்திடுங்க," என்றார் கொன்ராத். "நான் போறேன்."

எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கதை இது. ஆல்ப்ஸ் மலைச் சரிவில் ஒரு துறவு மடம். கொன்ராத் அங்கே முப்பத்தொரு வருஷம் இருந்த துறவி. கேட்டது மடத்துத் தலைவர் வால்தரிடம். தலைவர் அவரைவிட நாலு வயது இளையவர். இருந்தாலும் குரு குருதான், கொன்ராத் குனிந்துதான் கேட்டார்.

அந்த மடம் இரண்டு தடவை எரிந்தது. ஒரு கொள்ளைநோயில் பாதிப் பேரைப் புதைத்தது. ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை.

துறவியாகச் சேருகிறவர் உடுத்தி வந்த துணியை அங்கே தூக்கிப் போடுவதில்லை. மூட்டை கட்டி, பெயர் எழுதி, உடுப்பறையில் வைப்பார்கள். என்றைக்காவது அவர் போக நினைத்தால், மடத்து அங்கியைக் கழற்றிவிட்டு அதை உடுத்திக்கொண்டு போகலாம். அங்கியோடு வாசலைத் தாண்ட முடியாது. அவர் இங்கேயே செத்துப்போனால் மூட்டை ஏதாவது ஏழைக்குப் போகும்.

நல்ல ஏற்பாடுதான். மனுஷனை முழுசாக நம்பாத ஏற்பாடு என்றும் சொல்லலாம்.

"என்ன குறை?" என்றார் தலைவர்.

"குறைன்னு ஒண்ணும் இல்லை. அலுத்துப்போச்சு."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதே மணி. அதே வாற்கோதுமைக் கஞ்சி. பக்கத்துல நிக்கிற பெர்னோ முப்பத்தொரு வருஷமா சுருதி இறங்கித்தான் பாடுறார். முன்னெல்லாம் கோபம் வரும். இப்ப அதுகூட வரமாட்டேங்குது. ஜெபம் சொல்றேன், வாய்தான் அசையுது. சாகிறதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது உயிரோட இருக்கணும், சாமி."

தலைவர் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

உடுப்பறையில் தட்டுத் தட்டாக மூட்டைகள். கொன்ராத் தன் பெயரைத் தேடினார். பெயர்ச்சீட்டு இருந்தது. மூட்டை இல்லை.

"எங்கே?"

"கொடுத்துட்டேன். பதினெட்டு வருஷம் ஆச்சு. பெரிய பனி பெய்ஞ்ச வருஷம். இந்த அறை அப்ப என் பொறுப்பு. வாசல்ல ஒரு ஆள் நடுங்கிட்டு நின்னான். செத்தவங்க மூட்டையெல்லாம் தீர்ந்துபோச்சு. உயிரோட இருக்கிறவங்க மூட்டையைத் தொடக் கூடாது. தொட்டேன்."

"என்னோடதுதானா கிடைச்சது?"

"எல்லார் பேரையும் படிச்சேன். எது நடந்தாலும் போகமாட்டார்னு யாரைச் சொல்லலாம்னு பார்த்தேன். உங்க பேர்ல கை நின்னுது."

கொன்ராத்துக்குக் கோபம் வந்தது. வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

"தப்பா நினைச்சுட்டீங்க," என்றார். "இப்ப நான் எதைப் போட்டுக்கிட்டுப் போறது?"

"தப்பு என்னோடதுதான்."

தலைவர் மேல்தட்டிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். சீட்டில் வால்தர் என்று எழுதியிருந்தது. மற்ற மூட்டைகளில் விரற்கடைத் தூசி. இதில் தூசியே இல்லை. கயிறு அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டி நைந்திருந்தது.

உள்ளே ஒரு கம்பளிச் சட்டை. இருபது வயதில் தலைவர் போட்டு வந்தது.

கொன்ராத் விரித்துப் பார்த்தார். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, ஒட்டுத்துணி கொடுத்து அகலப்படுத்தியிருந்தது. ஒரு தடவை செய்த வேலையாகத் தெரியவில்லை. பழைய நூல், அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் புதிய நூல், அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. கடைசி நூல் இன்னும் வெள்ளையாக இருந்தது. தலைவரின் இப்போதைய தொப்பைக்குச் சட்டை கச்சிதமான அளவு.

கொன்ராத் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்களுமா?"

"வருஷா வருஷம் போட்டுப் பார்ப்பேன். இறுக்கிப் பிடிச்சா பிரிச்சுத் தைப்பேன்." தலைவரின் குரலில் களைப்பு இருந்தது. "போட்டுக்குங்க. உங்களுக்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும்."

கொன்ராத் சட்டையும் கையுமாக நின்றார்.

"இதை நான் கொண்டுபோயிட்டா, நீங்க எதைப் போட்டுக்கிட்டுப் போவீங்க?"

"அதனாலதான் கொடுக்கிறேன்," என்றார் தலைவர்.