தளர்த்திய திருகு

"நான் இதைத் தப்பாத்தான் சொல்லுவேன் மாஸ்டர். ஏதாவது ஒண்ணை விட்டுடுவேன்" என்றாள் செலின்.

"எதை விடணும்னு தோணுதோ, அதை முதல்ல சொல்லுங்கக்கா" என்றார் டைட்டஸ்.

செலினுக்கு நாற்பத்தேழு வயது. எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மிஷின் மிதிக்கிறாள். டைட்டஸ் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். மெக்கானிக் கடை மாடியில் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர். கம்பெனிப் பெண்கள் நாலு பேர் ராக் குழு தொடங்கியபோது, "உனக்குத்தான் மிதிச்சுப் பழக்கம்" என்று செலினை டிரம்ஸில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வலது கால் சொன்னபடி கேட்டது. இடது கால்தான் வம்பு.

அதன் கீழே ஹை-ஹாட் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்த இரண்டு பித்தளைத் தட்டுகள். மிதித்தால் மூடும். காலைத் தூக்கினால் திறந்து இரையும்.

"முதல் மேடையில தூக்கின காலை வைக்க மறந்துட்டேன். பாட்டு பூரா ஸ்ஸ்ஸுன்னு ஒரே இரைச்சல். முன்வரிசையில ஒருத்தி, 'குக்கரை இறக்குக்கா, சோறு குழைஞ்சிடும்'னா. மண்டபமே சிரிச்சுது."

"அது தெரிஞ்ச கதை. போன ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சு?"

செலின் குச்சிகளை மடியில் வைத்து முந்தானையால் மூடினாள்.

"மேல் தட்டைப் பிடிச்சிருக்கிற திருகை யாருக்கும் தெரியாம தளர்த்திட்டேன்."

தளர்த்தினால் மேல் தட்டு கீழ்த் தட்டின்மேல் உட்கார்ந்துவிடும். அப்புறம் கால் என்ன ஆட்டம் ஆடினாலும் அது திறக்காது.

"காலை மட்டும் தூக்கித் தூக்கி வெச்சேன். பார்க்கிறவங்க கண்ணுக்கு."

"யாரும் கண்டுபிடிக்கலையா?"

"இல்லை. ஆனா எங்க குழுவுல பாடற ராபியா பாடவே இல்லை."

டைட்டஸ் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, திறந்த வாயோட நின்னா. ஒரு சுத்து போச்சு. ரெண்டு சுத்து போச்சு. இறங்கிப் போயிட்டா. 'எங்க எடுக்கணும்னே மறந்துடுச்சுக்கா, இனிமே பாட மாட்டேன்'னு பின்னாடி உட்கார்ந்து அழுதா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

செலின் முந்தானைக்குள் குச்சிகளை உருட்டினாள்.

"யாருக்கும் மறக்கிறதுதான், விடுன்னு சொன்னேன். முதுகைத் தடவிக் குடுத்தேன் மாஸ்டர்."

டைட்டஸ் எழுந்துபோய்த் திருகைத் தளர்த்தினார். தட்டு தொப்பென்று உட்கார்ந்தது.

"வாசிங்க."

வாசித்தாள். அவர் எதிரே போய் நின்று, பாடப் போகிறவர்போல வாயைத் திறந்தார். பாடவில்லை. மூடவும் இல்லை.

குனிந்துகொண்டு வாசித்தாள். நிமிர்ந்தாள். அதே வாய்.

"போதும் மாஸ்டர்!"

"ஒரு சுத்துதான் ஆச்சு" என்றார் அவர். "அதுக்கே நாக்கு காஞ்சிடுச்சு."

கீழே யாரோ பைக்கை முறுக்கி அணைத்தார்கள்.

"எவ்வளவு திறக்கணும் மாஸ்டர்?"

"ஒரு துணி மடிப்பு அளவு."

"எப்போ மூடணும்?"

"ராபியா மூச்சை இழுத்து முடிச்சதும்."

"அவ எப்போ இழுப்பா?"

"நீங்க திறந்ததும்."

செலினின் காதுமடல் சுட்டது. இரண்டு மாத ஒத்திகையிலும் ராபியா செலினுடைய இடது கால் எழுப்பும் இரைச்சலைக் கேட்டுத்தான் பாட்டை எடுத்திருக்கிறாள்.

"மேடையில பயம் வந்தா என் கை தானா அந்தத் திருகுக்குப் போகும். என்னை நானே நம்ப மாட்டேன்."

டைட்டஸ் கீழே இறங்கிப்போய் மெக்கானிக்கிடம் ஒரு குறடு வாங்கிவந்து அவள் கையில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு நிகழ்ச்சிக்கு ராபியா வந்தாள். பாட வரவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றாள். மேடைக்குப் பின்னால் செலின் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முதுகைத் தடவியதைக்கூட விடவில்லை.

ராபியா அவளையே பார்த்தாள்.

"ஞாபகசக்திக்குன்னு ஒரு வாரமா எங்க வீட்டுல எனக்கு வல்லாரைக் கீரைக்கா" என்றாள். "மூணு வேளையும்."

செலினால் நிமிர முடியவில்லை. மேடையேறி, குறட்டால் திருகை முறுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் இனி அசைக்கவே முடியாத அளவுக்கு முறுக்கினாள். பிறகு இறங்கிவந்து குறட்டை ராபியாவிடம் நீட்டினாள்.

"பாட்டு முடியற வரைக்கும் நான் கேட்டாலும் தராதே."

ராபியா அதை இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கிடம் போனாள்.