கரி பட்ட சிறகு

அந்தக் காலத்தில் வாலாட்டிக் குருவிக்கு வால் ஆடாது. தேன்சிட்டு ஒரு பூவில் உட்கார்ந்தால் உச்சிப்பொழுது வரைக்கும் அங்கேயேதான். பட்டாம்பூச்சி நூல் பிடித்தாற்போல நேராகப் பறக்கும். எல்லா உயிருக்கும் பேச்சு உண்டு. பூசணிக்காய் மட்டும் பேசாது; அதற்குச் சோம்பல்.

அப்படி ஒரு பங்குனி மாதக் காலையில் அங்காத்தாள் வீட்டு வாசலில் வில்வண்டி வந்து நின்றது. பேரனைக் குளிப்பாட்ட வெந்நீர்ப் பானையை இறக்கிக்கொண்டிருந்தவள், கரிக்கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து பார்த்தாள். மகளுடைய மாமனார் நாச்சிமுத்து! பிறந்து பதினெட்டு நாளே ஆன பேரனைப் பார்க்க வந்திருக்கிறார்.

நாச்சிமுத்து தங்கமான மனிதர். கண்தான் கொள்ளிக்கண். அவர் மனசாரப் பாராட்டிய பொருள் எதுவும் முழுசாக இருந்ததில்லை. கல்யாணத்தன்று, "பந்தல்னா இது பந்தல்!" என்றார். ரசம் ஊற்றுவதற்குள் பந்தல் பந்தியின் மேல் படுத்துவிட்டது.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். ஆனால் சம்பந்தியிடம் போய், 'உங்கள் பேரனைப் பார்க்காதீர்கள்' என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் மகள் அந்த வீட்டில் வாழ வேண்டாமா?

"வாங்க சம்மந்தி. பையன் இப்பத்தான் கண்ணசந்தான். எந்திரிக்கிற வரைக்கும் தோட்டத்தைப் பாருங்க. எல்லாம் பூத்துக் கெடக்குதுங்க."

இருக்கிற கண்ணெல்லாம் தோட்டத்திலேயே தீர்ந்துபோகட்டும் என்பது அவள் எண்ணம்.

நாச்சிமுத்து பூசணிப் பந்தலடியில் நின்றார். "அடேயப்பா, பூசணி என்ன திரட்சி!"

டப்பென்று காய் வெடித்தது.

"வெயிலுங்க," என்றாள் அங்காத்தாள்.

கிணற்று மேட்டில் வாலாட்டி நின்றிருந்தது. அதற்கு அப்போது வேறு பெயர். "இந்தக் குருவியைப் பாருங்க! வார்த்து வச்ச மாதிரி வாலு, ஆடாம அசங்காம!"

அவ்வளவுதான். வால் மேலும் கீழும் அடிக்கத் தொடங்கியது. குருவி திரும்பித் திரும்பிப் பார்த்தது. கல்லில் அழுத்திப் பார்த்தது. நிற்கவில்லை.

"ஏ அங்காத்தா! உன் பேரனுக்கு வந்தது என் வாலோட போகணுமா?"

"கத்தாதே சாமி. உனக்குப் புழுப் பிடிச்சுப் போடறேன்," என்று அவள் கிசுகிசுத்தாள்.

செம்பருத்தியில் இருந்த தேன்சிட்டு இதைக் கேட்டுவிட்டது. நாச்சிமுத்து அதன் பக்கம் திரும்பினார். அது அடுத்த பூவுக்குத் தாவியது. அங்கே பார்த்தார், அது முருங்கைக்குப் போய்விட்டது.

"செத்த நில்லு கண்ணு, ஒருதரம் பாத்துக்கறேன்!"

"நின்னாத்தான் செத்தேன்," என்றது சிட்டு, பறந்துகொண்டே.

அப்போது வீட்டுக்குள் குழந்தை வீரிட்டது. "பையன் எந்திரிச்சுட்டான்!" என்று நாச்சிமுத்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

அங்காத்தாள் குறுக்கே விழாத குறை. "பால் குடிக்கட்டுங்க சம்மந்தி! இந்தக் கறிவேப்பிலைச் செடியைப் பாக்காமப் போனா எப்படிங்க?"

பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். அந்தச் செடியில் அப்போதுதான் கூட்டை விட்டு வெளிவந்த மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று, ஈரச் சிறகோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆத்தா, எனக்குச் சிறகே காயலியே! பறக்கவும் முடியாதே! காட்டிக் குடுத்துட்டியே!"

அங்காத்தாளுக்குச் சுருக்கென்றது. இதுவும் பச்சைப்பிள்ளைதானே! நாச்சிமுத்து குனிந்தார். கண் விரிந்தது. வாய் திறந்தது. அவள் மறைக்கக் கையை நீட்டினாள். இரண்டு விரல் இரண்டு சிறகிலும் பட்டுவிட்டது.

"என்ன லட்சணமான பூச்சி..." என்று ஆரம்பித்தவர் முகத்தைச் சுளித்தார். "ஆனா என்னங்க சம்மந்தியம்மா, ரெக்கையில கரி அப்பிக் கெடக்குது!"

பாராட்டு பாதியில் அறுந்தது. கண்ணும் பாதிதான் பட்டது. பட்டாம்பூச்சி விழுந்தடித்து எழும்பியது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், கள்ளுக் குடித்ததுபோலத் தள்ளாடிக்கொண்டே வேலியைத் தாண்டியது. ஆனால் உயிரோடு தாண்டியது.

அங்காத்தாள் தன் விரலைப் பார்த்தாள். அடுத்த நொடி கொல்லைக்கதவு வழியாக உள்ளே பாய்ந்து, குழந்தையின் கன்னத்தில் கரிவிரலால் ஒரே இழுப்பு.

"ஏம்மா, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள் மகள் மயிலாத்தாள்.

"பேசாம தூக்கிக் குடுடி உன் மாமனார்கிட்ட."

நாச்சிமுத்து பேரனை மடியில் வாங்கினார். ஜன்னலில் தேன்சிட்டும் குருவியும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தன. வால் மட்டும் அடங்கவில்லை.

"அடடா, எங்கப்பன் மூக்கு! ராசாவாட்டம்..." அங்காத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். "...கன்னத்துல என்ன இத்தனை கரி? பிள்ளையைத் துடைச்சு வைக்க மாட்டீங்களா?"

குழந்தை ஒரு தும்மல் போட்டது. பிறகு தாத்தாவின் சலவை வேட்டியை நிதானமாக நனைத்தது. அங்காத்தாள் சிரித்த சிரிப்பில் காக்கையெல்லாம் பறந்தன.

அன்று முதல்தான் பட்டாம்பூச்சி கரிப்பொட்டோடு கோணல்மாணலாகப் பறக்கிறது. நாம் ஆசையாகப் பார்த்தால் தேன்சிட்டு பூ மாறுகிறது. பிள்ளைகள் கன்னத்தில் மைப்பொட்டு ஏறுகிறது. அந்த யோசனை கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்ற எரிச்சலில், வாலாட்டி இன்றைக்கும் வாலை அடித்துக்கொண்டே திரிகிறது.